வேனில் ஏற்ற முடியாத உதவி

கேள்வி: "நாங்கள் குடியாத்தம் பகுதி இளைஞர்கள். 2018இல் கஜா புயலின்போதும் 2024இல் ஃபெஞ்சல் புயலின்போதும் வேன் பிடித்து அரிசி, புடவை, பிஸ்கட், தண்ணீர் பாட்டில் என்று கொண்டுபோய்க் கொடுத்தோம். இரண்டு முறையும் திரும்பி வரும்போது மனம் நிறையவில்லை. அடுத்த புயலுக்கும் இதே கதைதானே? கடலோர மக்களின் உடல்நலமும் பேரிடரைத் தாங்கும் வலிமையும் நிலையாகக் கூடுவதற்கு, கடலே இல்லாத மாவட்டத்தில் இருக்கும் நாங்கள் என்ன செய்ய முடியும்?"

தம்பி, மனம் நிறையவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுத உட்கார்ந்தேன். வடாற்காடு ஒரே மாவட்டமாக இருந்த நாளில் சுகாதார ஆய்வாளராக வேலையில் சேர்ந்தவன் நான். முப்பது ஆண்டுக்கு மேல் குளோரின், கொசு, காய்ச்சல், கழிவுநீர் என்றே என் காலம் போயிற்று. 2005 ஜனவரி முதல் வாரத்தில் நம் பக்கத்திலிருந்து சுனாமிப் பணிக்கு நாகப்பட்டினம் போனவர்களில் நானும் ஒருவன்.

அங்கே நான் முதலில் பார்த்தது துணி. சாலையோரம் முழுவதும் துணி. தமிழ்நாட்டின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் லாரி லாரியாக வந்து இறங்கிய பழைய சேலை, சட்டை, குழந்தைகளின் கம்பளிக் குல்லாய். பனியிலும் சேற்றிலும் கிடந்து நாறிக்கொண்டிருந்தது. மீனவப் பெண்கள் அதைத் தொடவில்லை. பத்து நாளைக்கு முன்புவரை விடிகாலையில் ஏலம் கூறி மீன் எடுத்து, தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்றுக் குடும்பம் நடத்தியவர்கள் அவர்கள். அடுத்தவர் உடுத்திக் கழித்ததைக் குவியலில் கிளறிப் பொறுக்க அவர்களுக்குக் கை வரவில்லை. எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது.

முகாமில் ஓர் அம்மா என் சீருடையைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார். வயது அறுபது இருக்கும். "ஐயா, என் மாத்திரைச் சீட்டு கடலோடு போய்விட்டது. வெள்ளை மாத்திரை ஒன்று, மஞ்சள் மாத்திரை ஒன்று. சர்க்கரைக்கு. பெயர் தெரியாது" என்றார். என்னிடம் இரண்டு மூட்டை பிளீச்சிங் பவுடர் இருந்தது. ஒரு மாத்திரை இல்லை. மருத்துவக் குழுவிடம் அழைத்துப் போனேன். அவர்களிடம் காய்ச்சலுக்கும் காயத்துக்கும் மருந்து இருந்தது, சர்க்கரைக்கு இல்லை. மாத்திரை வந்து சேர நான்கு நாள் ஆயிற்று. அதற்குள் காலில் இருந்த சிறு காயம் புரையோடி வீங்கிவிட்டது. அலையிலிருந்து தப்பிய ஒருவருக்கு அலைக்குப் பிறகு வந்த இந்த ஆபத்தைத் தடுக்க, எங்காவது ஒரு நோட்டில் அவர் பெயரும் மருந்தின் பெயரும் ஒரு வரியாக எழுதப்பட்டிருந்தால் போதும்.

உங்கள் கேள்விக்கு என் பதில் அந்த ஒரு வரிதான். யார் வீட்டில் யார் இருக்கிறார்கள், யாருக்கு என்ன உடம்பு, தூக்கிக்கொண்டு போகவேண்டியவர் யார், எந்த மருந்து நின்றால் யார் பிழைக்கமாட்டார் என்பதை ஊர்ப் பெண்களே, புயல் இல்லாத மாதத்தில், தெருத்தெருவாக எழுதி வைப்பது. இதை வேனில் ஏற்றிக்கொண்டு போக முடியாது. ஆனால் நீங்கள் கற்றுக் கொடுக்கலாம், உடன் உட்கார்ந்து எழுதலாம். ஏன் இதை இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அருகே நிலம் நடுங்கியபோது நமக்கு மணி காலை ஆறரை. நம் கரையை அலை தொட்டபோது மணி ஒன்பதை ஒட்டி. நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் நாகப்பட்டினத்துக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்வதற்கான ஏற்பாடே அன்று நாட்டில் இல்லை. ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது 2007இல்தான். தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் இறந்தார்கள்; அதில் ஆறாயிரத்துக்கு மேல் நாகப்பட்டினம் மாவட்டம் மட்டும்.

அதே காலையில் புதுச்சேரியை ஒட்டிய நல்லவாடு என்ற மீனவ ஊரில் நடந்தது வேறு. அந்த ஊர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குத் தொலைபேசியில் பேசியபோது கடல்நீர் ஏறி வருவதைக் கேட்டு, எல்லோரையும் ஓடச் சொன்னார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த ஊரில் அமைத்திருந்த தகவல் மையத்தில் ஓர் ஒலிபெருக்கி இருந்தது. தினமும் அலையின் உயரமும் மீன் விலையும் சொல்வதற்கு வைத்தது. ஊர்க்காரர்கள் மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய் அதில் கூவினார்கள். மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்த அந்த ஊர் உயிர் தப்பியது. கவனியுங்கள், அந்த ஒலிபெருக்கி சுனாமிக்காக வாங்கப்பட்டதல்ல. அன்றாடம் பயன்பட்டதால்தான் அது வேலை செய்யும் நிலையில் இருந்தது. அதிலிருந்து வரும் குரலை ஊர் நம்பியது. பேரிடருக்கென்று மட்டும் வாங்கிப் பூட்டி வைக்கும் எந்தப் பொருளையும் நான் நம்புவதில்லை. பூட்டின் சாவி யாரிடம் என்று தேடுவதிலேயே அரை மணி நேரம் போய்விடும்.

முன்னேற்பாடு இருந்தால் சாவுகள் குறையும் என்பதற்கு ஒடிசாவே சாட்சி. 1999 அக்டோபரில் அடித்த பெரும்புயலில் அங்கே கிட்டத்தட்ட 10,000 பேர் மாண்டார்கள். 2013இல் பைலின் வந்தபோது பத்து லட்சம் பேர் வரை முன்கூட்டியே இடம்பெயர்க்கப்பட்டார்கள். இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. 2019 மே மாதம் ஃபானி வந்தபோதும் அப்படியே, பத்து லட்சத்துக்கு மேற்பட்டோரை நகர்த்தினார்கள். வங்கதேசத்தில் இறந்தவர்கள் 1970 புயலில் மூன்று லட்சத்துக்கும் மேல், 1991இல் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் அளவில், 2007இல் சித்ர் புயலில் மூவாயிரத்துச் சொச்சம். காற்று குறைந்துவிடவில்லை தம்பி. 1972இல் அங்கே தொடங்கிய தன்னார்வலர் திட்டம் ஊர் ஊராக வேர்விட்டது. மெகாபோனைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகும் ஆண்களும் பெண்களும் அந்தந்த ஊரைச் சேர்ந்தவர்கள். யார் வீட்டில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியும்.

சுனாமியில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் இறந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. கடலுக்குள் படகில் இருந்த ஆண்களுக்கு ஆழ்கடலில் அந்த அலை பெரிதாகத் தெரியவே இல்லை. கரையில் படகுக்காகக் கூடையோடு காத்திருந்தவர்கள் பெண்கள். கையில் குழந்தை, இடுப்பில் குழந்தை, காலைச் சுற்றும் சேலை, நீச்சல் தெரியாது. ஆகவே கடலோர ஊரில் ஒரு திட்டம் போடும்போது ஊர்ப் பஞ்சாயத்தாரோடு மட்டும் பேசிவிட்டு வந்தால் பாதி ஊரோடு பேசவில்லை என்று பொருள். நாட்டார்கள் எனப்படும் அந்த ஊர்ப் பெரியவர்களை மதித்து, முதலில் அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள். அவர்கள் சம்மதம் இல்லாமல் அங்கே ஓர் ஆணியும் அடிக்க முடியாது. பிறகு மீன் விற்கும் பெண்கள் ஓய்ந்து உட்காரும் மாலை நேரத்தில் அவர்களோடு உட்காருங்கள்.

அப்படி உட்கார்ந்தால்தான் சில விஷயங்கள் வெளியே வரும். கரையோரம் பல ஊர்களில் நல்ல பல்நோக்குப் பேரிடர் மையங்கள் கட்டப்பட்டிருக்கின்றன. எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய பிறகும் சிலர் அங்கே போகத் தயங்குகிறார்கள். அரசாங்கம் சொல்வதைக் கேட்காத பிடிவாதக்காரர்கள் என்று என்னோடு வேலை பார்த்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஒரு பெண் எனக்குச் சொன்ன காரணம் வேறு. பெண்களுக்கென்று தனிக் கழிப்பறை இல்லை, இருந்ததற்குத் தாழ்ப்பாள் இல்லை, வெளிச்சம் இல்லை. மாதவிலக்கான மகளை அந்தக் கூட்டத்தில் எங்கே வைப்பது? வீட்டில் வலையும் இன்ஜினும் கிடக்கின்றன, அதற்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆடு இருக்கிறது. இத்தனையும் தீர்ந்தால் அவர் வருவார். ஒரு தாழ்ப்பாளின் விலை என்ன? அது ஓர் உயிரைக் காக்கிறது என்று எந்தக் கணக்குப் புத்தகத்திலும் வராது, ஆனால் காக்கிறது.

இனி நோய். பேரிடருக்குப் பின் பெரும் கொள்ளைநோய் வரும் என்று 2005இல் உலகமே பயந்தது. நம் கரையில் வரவில்லை. வந்துவிடாமல் தடுத்தது பெரும்பாலும் தண்ணீர். லாரியில் வந்து பிளாஸ்டிக் தொட்டிகளில் ஊற்றிய தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று ஒவ்வொரு தொட்டியிலும் பார்த்தோம். குளோரோஸ்கோப் என்ற சிறு சோதனைக் கருவியில் தண்ணீரை எடுத்து, சோதனை மருந்து இரண்டு சொட்டு விட்டு மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்ப்பது. அரை மணி நேரம் ஊறிய பிறகு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிச்சம் நிற்க வேண்டும். ஆயிரம் லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் சுமார் இரண்டரை கிராம் போடவேண்டும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. நடைமுறையில் பவுடர் வெயிலிலும் ஈரத்திலும் கிடந்து வீரியம் போயிருக்கும். அதனால்தான் போட்டேன் என்று டேங்க் ஆபரேட்டர் சொல்வதைவிட அந்த மஞ்சள் நிறத்தைப் பார்ப்பதை நான் வலியுறுத்துவேன். கலங்கிய தண்ணீர் குளோரினைத் தின்றுவிடும். முதலில் தெளிய வைத்து, மடித்த துணியில் வடிகட்டிவிட்டுத்தான் போடவேண்டும். வங்கதேசத்தில் பழைய பருத்திப் புடவையைப் பல மடிப்பாக மடித்துக் குடிநீரை வடிகட்டச் சொல்லிக் கொடுத்த ஊர்களில் காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. காலராக் கிருமி கழிமுகத்து நீரில் கண்ணுக்குத் தெரியாத சிறு உயிரிகளின் மேல் ஒட்டிக்கொண்டு வாழ்வதால், அந்தப் புடவை மடிப்பு அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. கொதிக்க வைக்க விறகு கிடைக்காத நாளுக்கு அது பெரிய துணை. கிடைக்கும் நாளில் கொதிக்க வைப்பதே நல்லது.

பிணங்களால்தான் நோய் பரவும் என்ற பயமும் அன்று இருந்தது. பெரும்பாலும் தவறான பயம். அலையில் அடிபட்டு இறந்தவர்களின் உடலில் காலரா இருப்பதில்லை. உயிரோடு இருப்பவர்களின் மலம் கலந்த தண்ணீரில்தான் ஆபத்து. அந்தப் பயத்தில் அவசர அவசரமாகக் குழி தோண்டி, அடையாளம்கூடப் பார்க்காமல் புதைத்தார்கள். முகத்தைக் கடைசியாகப் பார்க்காத தாய்மார்கள் எத்தனையோ ஆண்டுகள் கழித்தும் பிள்ளை திரும்பி வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு புகைப்படம், கழுத்தில் கிடந்த கயிறு, சட்டையின் நிறம், இவற்றைக் குறித்து வைத்துவிட்டுப் புதைத்திருக்கலாம். இதை எழுதும்போது இன்றைக்கும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. அன்று அந்த அவசரத்தில் நானும் இருந்தேன்.

வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுப்பது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலை தட்டிய அளவு. உப்பு கூடினால் ஆபத்து என்பதை அழுத்திச் சொல்லுங்கள். பாக்கெட் கிடைத்தால் பாக்கெட்டே மேல். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனபோது, திலீப் மஹலநாபிஸ் என்ற மருத்துவர் இந்தக் கரைசலை டிரம்மில் கலக்கி, குடும்பத்தாரின் கையிலேயே கொடுத்துப் புகட்டச் செய்தார். நூற்றில் முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் அது நான்குக்கும் கீழே இறங்கியது. அம்மாக்களின் கையில் கொடுத்ததால் வந்த வெற்றி அது.

வெள்ளநீரில் நடந்தவர்களுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் எலிக் காய்ச்சலாக இருக்கலாம். மருத்துவரிடம் போனதும் "வெள்ளநீரில் நடந்தேன்" என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லச் சொல்லுங்கள். அந்த வாக்கியம் இல்லாமல் சாதாரணக் காய்ச்சலுக்கான மாத்திரையோடு திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. பாம்புக்கடிக்குக் கட்டுப் போடாமல், கீறாமல், அசைக்காமல் விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த மருந்து எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்பது முன்பே எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். டெங்கு, சேற்றுப்புண், வெட்டுக்காயத்துக்கு டெட்டனஸ் ஊசி ஆகியவை பெரும்பாலும் தெரிந்தவை, விட்டுவிடுகிறேன்.

கஜாவில் நான் கற்றது இன்னொன்று. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே அது கரை ஏறியது. காற்று ஒரே இரவில் போய்விட்டது. மின்சாரம் பல ஊர்களில் வாரக்கணக்கில் வரவில்லை. மின்சாரம் இல்லையென்றால் மோட்டார் ஓடாது, மேல்நிலைத் தொட்டி காலி, தண்ணீர் இல்லை. தென்னை சாய்ந்ததை எல்லோரும் படம் எடுத்தார்கள், அந்தக் காலித் தொட்டியை யாரும் எடுக்கவில்லை. வாடகைக்கு ஒரு ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றி, ஊர் ஊராகப் போய் ஊருக்கு ஒரு மணி நேரம் தொட்டியை நிரப்பிக் கொடுத்தவர்கள்தான் அந்த வாரத்தில் என் மனதில் உயர்ந்து நின்றார்கள். உங்கள் வேன் மறுபடி போகுமானால் தண்ணீர் பாட்டிலுக்குப் பதில் அதைக் கொண்டுபோங்கள். தொட்டி ஆபரேட்டரையும் உள்ளூர் மின்பணியாளரையும் கூட வைத்துக்கொண்டு, திறந்தவெளியில் வைத்து ஓட்ட வேண்டும். மூடிய அறையில் ஓட்டினால் அந்தப் புகையே ஆளைக் கொல்லும்.

இப்போது நோட்டுக்கு வருகிறேன். இருபது, இருபத்தைந்து வீட்டுக்கு ஒரு பெண் என்று மகளிர் குழுவிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். கிராம சுகாதார செவிலியரையும் அங்கன்வாடிப் பணியாளரையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களிடம் பாதித் தகவல் ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் அது அலுவலகப் பதிவேட்டில் அல்லது கணினியில் இருக்கிறது, மின்சாரம் போன இரவில் தெருவில் இருப்பதில்லை. நோட்டில் எழுதவேண்டியது மாதம் நிறைந்த கர்ப்பிணியின் பிரசவத் தேதி, கைக்குழந்தை, நடக்க முடியாதவர், காது கேளாதவர் (கூவினால் அவருக்குக் கேட்காது, யார் போய்த் தொட்டு எழுப்புவது என்று பெயர் போட்டு எழுத வேண்டும்), சர்க்கரை, இரத்த அழுத்தம், வலிப்பு, காசநோய், மனநோய் ஆகியவற்றுக்கு மருந்து எடுப்பவர்கள், மருந்தின் பெயரும் அளவும், டயாலிசிஸ் எந்தெந்தக் கிழமை, எந்த மருத்துவமனை. தனியாக வாழும் முதியவர். வெளியூரிலிருந்து வந்து படகில் வேலை செய்யும் கூலியாட்கள், இவர்களை எல்லாப் பட்டியலும் விட்டுவிடும். காசநோய், மனநோய் போன்றவற்றை ஊரறிய எழுதக்கூடாது. அந்தப் பக்கத்தைச் செவிலியர் மட்டும் வைத்துக்கொள்ளட்டும், நோட்டில் ஒரு புள்ளி மட்டும் போதும். இந்த நம்பிக்கை ஒருமுறை உடைந்தால் அந்த நோட்டை யாரும் மறுபடி நிரப்ப விடமாட்டார்கள்.

2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கடலோர ஊர்களில் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக ஒரு மாத மாத்திரை கூடுதலாகக் கையிருப்பில் கொடுக்க முடியுமா என்று அந்தந்த ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் கேளுங்கள். சீட்டோடு சேர்த்து ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு, ஆதார் நகல், படகுப் பதிவுச் சான்று எல்லாவற்றையும் அதிலேயே வைத்து வாசல் ஆணியில் மாட்டிவிட வேண்டும். இன்சுலின் போடுகிறவர் வீட்டில் குளிர்பெட்டி நின்றுவிட்டால், ஈர மணல் போட்ட மண்பானைக்குள் சிறு சட்டியை இறக்கி மருந்தை அதில் வைக்கலாம். நம் ஊரில் பானைத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரசவத் தேதி நெருங்கிய பெண்ணைக் கூண்டு ஏற்றும் முன்பே மருத்துவமனைக்கு அருகில் கொண்டுபோய்விட வேண்டும். காற்றில் 108 வண்டியும் வர முடியாது.

நம் மாவட்டத்தில் நீங்கள் இதைக் கற்றுக்கொள்ள வெகுதூரம் போகவேண்டாம். குடியாத்தத்துக்குப் பக்கத்தில் கே.வி.குப்பம் ஒன்றியத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் ஊரக மையம், ரூசா என்று நாம் சொல்வது, 1977இலிருந்து வேலை செய்கிறது. கிராமத்துப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்து, வீட்டு வாரியாகத் தகவல் சேர்த்து அதன்படி வைத்தியம் செய்வது அங்கே பழக்கம். பாகாயத்தில் சி.எம்.சி.யின் சமூக சுகாதாரத் துறைக்காரர்கள் செய்வதும் அதுதான். ஒருநாள் போய் அவர்களின் பதிவேட்டைப் பாருங்கள். மருத்துவமனைக் கட்டடத்தைவிட அந்தப் பதிவேடு எனக்குப் பெரிதாகத் தெரியும்.

கடலே இல்லாத மாவட்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் மட்டும் உங்களோடு உடன்படமாட்டேன். 2021 நவம்பர் 19 அதிகாலையில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவே ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் கரை ஏறியது. அன்றே பாலாற்றில் வாலாஜா அணைக்கட்டில் ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் போயிற்று. பேர்ணாம்பட்டில் வீடு இடிந்து ஒன்பது பேர் இறந்தார்கள், அவர்களில் நான்கு பேர் குழந்தைகள். உங்கள் குடியாத்தத்தில் கௌண்டன்ய மகாநதி கரை புரண்டதை நீங்களே பார்த்திருப்பீர்கள். நீங்கள் வேன் அனுப்பிய ஃபெஞ்சல், புதுச்சேரிக்கு அருகே கரை ஏறியதற்கு மறுநாள், நம் பழைய வடாற்காட்டின் பாதியான திருவண்ணாமலையில் மலைச்சரிவில் ஏழு பேரைக் கொன்றது. 1903 நவம்பரில் பாலாற்று வெள்ளம் வாணியம்பாடியை வாரிக்கொண்டு போனதற்கு நினைவுத் தூண் இன்றும் நிற்கிறது. நோயும் அப்படித்தான். 1992 இறுதியில் வங்கக் கடலோரம் முழுவதும் புதுவகைக் காலரா ஒன்று கிளம்பியபோது, அதை முதலில் கண்ட ஊர்களில் சென்னையோடு வேலூரும் ஒன்று. கடலில் தொடங்குவது நம் வாசலுக்கு ஒரே நாளில் வந்துவிடுகிறது. நாம் பயன்படுத்தும் பாலாறும் கடைசியில் கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் வயலூரில் கடலில் சேர்கிறது. இங்கே அதில் நாம் கொட்டும் தோல் கழிவும் சாக்கடையும் யார் வாசலுக்குப் போகிறது என்பதை யோசியுங்கள்.

சாதாரண நாளின் வாழ்க்கையை மறந்துவிட்டுப் பேரிடரைப் பற்றி மட்டும் பேசுவதில் பலன் குறைவு. கிணற்றுநீர் உப்பேறிய கரையோர ஊர்களில் குடிநீரே உடம்புக்குள் உப்பைக் கொண்டுபோகிறது. வங்கதேசத்தின் தென்மேற்குக் கரையில் நடந்த ஆய்வுகள், உப்பேறிய குடிநீருக்கும் கர்ப்பிணிகளின் உயர் இரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டின. நம் கரையில் கருவாடும் உப்புக்கண்டமும் வேறு. எனவே கர்ப்பிணிகளின் இரத்த அழுத்தத்தைத் தவறாமல் பார்ப்பதும், மழைநீரைச் சேமிப்பதும், கூட்டுக் குடிநீர் கடைசித் தெருவுக்கும் போகிறதா என்று கேட்பதும் பேரிடர்ப் பணிதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த மாதங்களில் வீட்டில் வருமானம் சுருங்கும். பிள்ளைகளின் தட்டில் முதலில் குறைவது சத்து. ஆனால் அதே மாதங்களில்தான் ஆண்களும் கரையில் இருப்பார்கள், பேச நேரம் கிடைக்கும். நோட்டு எழுத அதைவிட நல்ல காலம் இல்லை.

கரையின் காவலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடலூர் மாவட்டத்தில், பிச்சாவரம் பக்கம், அடர்ந்த அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் சுனாமியில் குறைவாகச் சேதப்பட்டன. மரம் மட்டும் எல்லாவற்றையும் நிறுத்திவிடும் என்று நான் சொல்லமாட்டேன். மணல் மேட்டை அழித்து ரிசார்ட் கட்டிவிட்டுப் பிறகு மரம் நடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இருக்கும் மேட்டை விட்டுவைப்பது நடுவதைவிட முக்கியம்.

மனதைப் பற்றித் தயங்கித்தான் எழுதுகிறேன், ஏனென்றால் அதில் நான் வல்லவன் அல்லன். நான் பார்த்தது இது. முதல் மாதம் ஊரே கூட இருந்தது, மூன்றாம் மாதம் வண்டிகள் போய்விட்டன, ஆறாம் மாதம் குடி அதிகமானது. அலைச் சத்தம் கேட்டால் எழுந்து உட்காரும் பிள்ளைகள், கடலுக்குப் போக மறுத்த வலுவான ஆண்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்திலிருந்து வந்தவர்கள் ஊர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து, வீடு வீடாகப் போய்ச் சும்மா உட்கார்ந்து கேட்கச் சொன்னார்கள். அறிவுரை சொல்லாமல் கேட்பது. பள்ளிக்கூடத்தைச் சீக்கிரம் திறந்தது பிள்ளைகளுக்கு மருந்தாக இருந்தது. வலையும் படகும் கைக்கு வந்த நாளில் பல ஆண்கள் முகம் மாறியதை நான் கண்ணால் பார்த்தேன். இன்று 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசனை கிடைக்கிறது. அந்த எண்ணையும் மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் 1077ஐயும் நோட்டின் அட்டையில் எழுதுங்கள். அந்த ஜெனரேட்டரைத் தவிர வேறு எதற்காகவும் முதல் வாரத்தில் வேனில் போகவேண்டாம், ஆறாம் மாதத்தில் போங்கள். அப்போது யாரும் வந்திருக்கமாட்டார்கள்.

பத்து ஊருக்குக் கொஞ்சம் கொஞ்சம் கொடுப்பதை விட்டுவிட்டு ஒரே ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்து, ஐந்து ஆண்டு அதோடு இருங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை போதும். தடைக்காலத்தில் ஒரு முறை நோட்டைப் புதுப்பிக்க, புரட்டாசியில் ஒரு முறை ஒத்திகை பார்க்க. ஒத்திகையன்று உண்மையாகவே அந்தப் பாட்டியைக் கட்டிலோடு தூக்கி மையத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். எத்தனை நிமிடம் ஆகிறது, எந்தச் சந்தில் கட்டில் திரும்ப மறுக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். அங்கிருந்து இரண்டு பெண்களை இங்கே அழைத்து வந்து கே.வி.குப்பத்தைக் காட்டுங்கள். அவர்களிடமிருந்து நீங்கள் கற்கவேண்டியது நிறைய. காற்றின் திசையையும் நீரின் நிறத்தையும் படிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்.

நான் கடைசியாகப் பயன்படுத்திய பதிவேட்டின் படிவம் ஒன்று பெட்டியில் இருக்கிறது, நாற்பது பக்கம். கடலோரத்துக்குப் போகும் முன் அதை உங்கள் ஊரிலேயே எழுதிப் பழகுங்கள். ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கௌண்டன்யக் கரையில் தாழ்வான ஒரு தெருவாகப் பார்த்துச் சொல்லுங்கள், படிவத்தோடு நானும் வருகிறேன். உங்கள் குழுவில் பெண்கள் இருந்தால் அவர்கள் கட்டாயம் வரட்டும். முதல் வீட்டுக் கதவை அவர்கள்தான் தட்ட வேண்டும்.